மேட்சிங் பிளவுஸிலிருந்து மேட்சிங் பேனலுக்கு

உலகத்தில் கறுப்பு என்பது ஒரே ஒரு நிறம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் பட்டறையில் பதினான்கு கறுப்பு இருக்கிறது, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. சேலையைப் பையில் வைத்துக்கொண்டு மேட்சிங் பிளவுஸ் துணிக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் "இது போதும்" என்று எதையோ வாங்கிவந்து, வீட்டு வாசல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து மனம் நொந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சேராத நிறத்தின் வருத்தம் எனக்குத் தெரியும். இருபது வருடமாக அதுதான் என் பிழைப்பு.

பேரிங் இல்லை, ஃபேரிங்

பதினோரு வருடம் திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையின் மேட்சிங் பிரிவில் நின்றேன். முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். எனக்குத் தெரிந்த ஒரே வேலை, ஒரு நிறத்துக்குப் பக்கத்து நிறத்தைத் தேடிக் கொடுப்பது. வண்ணார்பேட்டையில் பெரிய பைக்குகளுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் கலர் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். "ஃபேரிங்குக்குக் கலர் பாக்கணும்" என்று சொன்னதும், "பேரிங் சக்கரத்துக்குள்ளல்லா கெடக்கும், அதுக்கு எதுக்குக் கலரு?" என்று கேட்டேன். அங்கே பெயின்ட் அடிக்கிற இசக்கி அண்ணாச்சி சிரிக்காமல் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். நெடுந்தூரம் போகிற பைக்குக்குக் காற்றும் மழையும் ஆளை அடிக்காமல் இருக்க முன்னாலும் பக்கத்திலும் சில மறைப்புகள் மாட்டுகிறார்கள். அதுதான் ஃபேரிங். காலுக்கு இரண்டு பேனல், கைக்கு இரண்டு, சிலருக்குப் பின்னால் பெட்டிகள். வண்டி வாங்கிய பிறகு தனியாக வரவழைப்பது. வரும்போது வெறும் பிளாஸ்டிக்காக வரும். அதற்கு வண்டியோடு சேருகிற நிறம் நான் பார்த்துச் சொல்லவேண்டும், அண்ணாச்சி அடித்துக் கொடுப்பார்.

முதல் வாரம் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளி நிற வண்டி. என்னைப் பார்த்துவிட்டு, "ஆம்பள ஆளு யாரும் இல்லையா?" என்று கேட்டார். உள்ளே இருந்த அண்ணாச்சி கையைக் காட்டினார், என் பக்கமாக. நான் மூன்று மாதிரிப் பட்டைகளை எடுத்துக்கொண்டு அவரை வெயிலுக்கு வரச் சொன்னேன். ஜவுளிக்கடையில் சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்போமே, அதே கதைதான். டியூப் லைட்டில் மூன்றும் அவர் வண்டியோடு சேர்ந்தது. வெயிலில் ஒன்று நீலம் பாய்ந்தது, ஒன்று மஞ்சள் பாய்ந்தது, ஒன்றுதான் நின்றது. குனிந்து குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார். நான்கு நாள் கழித்து பேனலை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "எம் வண்டிக்குப் பொம்பள கலர் பாத்தாள்னு வெளிய சொல்லிராதீங்க வே."

ஒன்பது வருட நிழல்

பழைய வண்டிக்குப் புதுப் பேனல் அடிப்பதுதான் எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. கம்பெனி நிறம் என்று ஒரு எண் உண்டு. அந்த எண்ணைப் பார்த்துக் கலந்தால், வண்டி ஷோரூமில் நின்ற அன்றைக்கு இருந்த நிறம்தான் வரும். ஆனால் வண்டி நம்முடைய வெயிலில் நாலு வருடம் நின்றிருக்கும். புதுப் பேனலை மாட்டினால் பழைய வண்டிக்குத் திடீரென்று வயதாகிவிடும். அதனால் யார் போன் செய்தாலும், "வண்டியக் கொண்டாங்க, பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்பேன்.

மேலப்பாளையத்திலிருந்து காதர் என்பவர் அப்படித்தான் வண்டியைக் கொண்டுவந்தார். சரியாகச் சொன்னால், அவருடைய தம்பி ஓட்டிவந்தார். காதர் பின்னால் ஆட்டோவில் வந்து இறங்கினார். சிவப்பு வண்டி. வாங்கி ஒன்பது வருடம் என்றார். எண்ணைப் பார்த்து அடித்த மாதிரியைச் சும்மா ஒரு பேச்சுக்கு டேங்கின் மேல் வைத்தேன். வைத்த இடம் தெரியவில்லை. வெயிலுக்குத் தள்ளிக் கொண்டுபோய் வைத்தேன், அப்போதும் தெரியவில்லை. என் வேலையில் அப்படி ஒரு நாள் அபூர்வம். எனக்கு ஒரே சந்தோஷம். "ஒம்பது வருச வண்டி மாதிரியே இல்லியே!" என்றேன்.

சவூதியில் கட்டட வேலைக்குப் போய், முதல் லீவில் வந்தபோது வாங்கினாராம். திரும்பி வந்ததும் இதில் ஒரு சுற்று, தனியாக, வடக்கே பனி தெரிகிற இடம்வரை போவது என்று ஒரு யோசனை. வீட்டுக்குள்ளேயே துணி போட்டு மூடிவைத்து, தம்பி வாரம் ஒருமுறை ஸ்டார்ட் மட்டும் செய்திருக்கிறார். இப்போது ஒரேயடியாக வந்துவிட்டார். முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே தேய்ந்துபோயிருக்கிறதாம். பேனல் மாட்டி முடித்த அன்று வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டாவது தடவையும் பார்த்தார். தம்பி ஓடிவந்து பிடித்துக்கொண்டார். நான் ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டுமே என்று, "நெறம் துளி மங்கலங்க" என்றேன். அவர் வண்டிக் கண்ணாடியில் தன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வண்டிய நெழல்ல நிப்பாட்டிட்டு, வெயில்ல போயி நின்னது நாந்தானே அக்கா."

மெரூன்

பாளையங்கோட்டையில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒருவர் மனைவியோடு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பிள்ளை விடுதிக்குப் போய்விட்டான், இனிமேல் நாங்கள் இரண்டு பேரும் ஊர் ஊராகப் போகப்போகிறோம் என்று அந்த அம்மாள் என்னிடம் ஆசையாகச் சொன்னார். வண்டி மெரூன். கால் பேனலுக்கும் அதே மெரூன் வேண்டும் என்று சொல்லிவிட்டு, மாதிரிக் கொத்தை வாங்கி, அவரே ஒன்றைத் தேர்ந்து கொடுத்தார். அவர் கொடுத்தது கரும்பச்சை. மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். "கண்ணாடியப் போட்டுப் பாருங்க" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொன்றை எடுத்தார். அது காபிக்கொட்டை நிறம். மூன்றாவதாக ஒன்றை எடுக்கக் கை போனது, நின்றுவிட்டது.

மேட்சிங் பிரிவில் இருந்தபோதே இப்படிச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத ஓரிருவரைப் பார்த்திருக்கிறேன். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அதற்குள் அவரே கொத்தைக் கீழே வைத்துவிட்டு, "ரயில்வே மெடிக்கல்லயும் இப்படித்தான் ஆச்சு" என்றார். மனைவிக்கு முதலில் புரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு ரயில் ஓட்டுகிற வேலை கிடைத்ததாம். ராத்திரி பகல் பாராத வேலை வேண்டாம் என்று அவருடைய அம்மா அழுது தடுத்துவிட்டார்களாம். வீட்டில் பதினாறு வருடமாகச் சொல்லப்பட்ட கதை அது.

"அப்பம் அத்தை தடுக்கலையா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஃபெயிலுன்னு யாருட்டயும் சொல்லல."

"நான் கட்டுத சேலையெல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னது?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அவர், தரையைப் பார்த்து.

அந்த அம்மாள் முற்றத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மெரூன் மாதிரியை நானே பிரித்து எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? கிளம்பும்போது அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னிடம் வந்து, அவருக்குக் கேட்காமல் சொன்னார்: "வேலைய கெடுத்த மகராசின்னு எத்தன தடவ ஏசியிருப்பேன், அத்தை செத்து நாலு வருசம் ஆச்சே, இனி யாருட்ட போயி நிக்க?"

மாதா நீலம்

கூடங்குளத்துக்குப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ராயப்பன் என்று ஒருவர். முன்னே கடலுக்குப் போனவர், இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். தினமும் கடற்கரைச் சாலையில் நெடுந்தூரம் போய்வரவேண்டும் என்பதற்காகப் பெரிய வண்டி வாங்கியிருந்தார். முன் மறைப்பும் பேனல்களும் பளீரென்று ஆரஞ்சில் வேண்டும் என்றார். கூட வந்திருந்த அவருடைய அம்மா, "இல்ல, நீலம்" என்றார்.

இந்த மாதிரிச் சண்டை எங்களுக்குப் பழக்கம். நான் இரண்டு கொத்தையும் எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கினேன்.

"மாதாவுக்கு நேந்துக்கிட்டதுலே அது. நீ உசுரோட வந்தா, நீ வாங்குத எதுவும் மாதா நீலந்தான்னு சொல்லியிருக்கேன்."

"வள்ளமும் மாதா நீலந்தானம்மா."

ராயப்பன் என்னிடம் சொன்னார், ஏதோ வண்டி ரிப்பேரைச் சொல்லுகிற மாதிரி. அவரும் அவருடைய அண்ணனும் போன வள்ளம் காற்றில் கவிழ்ந்துவிட்டது. அடிப்பக்கம் மேலே மிதக்க, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கிடந்திருக்கிறார்கள். தேடிவந்த ஹெலிகாப்டர் தலைக்கு மேலே இரண்டு தடவை போயிருக்கிறது. "சட்டையக் கழட்டிக் கையில வச்சு ஆட்டுனோம். சட்டையும் நீலம். நீலத்துல நீலம் அவனுக்கு எப்படித் தெரியும்? ரெண்டாவது தடவ அது திரும்பிப் போகயில அண்ணன் கைய விட்டுட்டான்." மறுநாள் வேறு ஊர் வள்ளக்காரர்கள் இவரை மட்டும் தூக்கியிருக்கிறார்கள்.

இசக்கி அண்ணாச்சி கையிலிருந்த பேனலைப் பைய கீழே வைத்தார். எனக்கு என்ன தோன்றியதென்றால், பிளவுஸுக்கு உள்ளே லைனிங் வைப்போமே, அது. "வெளிய ஆரஞ்சு அடிச்சிருவோம். பேனலுக்கு உள்பக்கம் பூரா நீலம். மாதாவுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றேன். சொன்ன பிறகு, அதிகப்பிரசங்கித்தனமோ என்று பயந்தேன். இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். மறுநாள் ராயப்பன் போனில், அப்படியே அடியுங்கள் என்றார். பேனல் வாங்க வந்த அன்று அந்த அம்மாவும் வந்தார். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, உள்பக்க நீலத்தைக் கையால் தடவிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மகனிடம் கொடுத்தார்: "உள்ளுக்க மாதா பாத்துக்கிடட்டும், வெளிய மனுசன் கண்ணுக்குப் பட்டாப் போதும்லே."

ஏழு வண்டி வெள்ளை

பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் உண்டு. அன்றைக்கு என்ன நிறம் அடித்தார்களோ, சாயங்காலம் வாய் கொப்பளித்தால் அந்த நிறம் வரும். மாஸ்க் போட்டாலும் கொஞ்சம் வரும். வியர்க்கிறது என்று கழற்றினால் நிறையவே வரும். இசக்கி அண்ணாச்சி அதை வைத்தே வேடிக்கை பேசுவார். "இன்னிக்குப் பச்சை, இலைய அரைச்சுத் தின்ன ஆடு மாதிரி துப்புதேன்" என்பார். சிவப்பு அடிக்கிற நாளில் மட்டும் வீட்டுக்குப் போவதற்குமுன் நாலு தடவை கொப்பளிப்பார். கல்யாணமான புதிதில் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு அவர் மனைவி அலறியடித்துத் தெருவையே கூட்டிவிட்டாராம்.

நாகர்கோவிலிலிருந்து ஏழு பேர் சேர்ந்து வந்து, ஏழு வண்டிக்கும் ஒரே மாதிரி வெள்ளைப் பேனல் கேட்டார்கள். வெள்ளையிலும் ஆறு வகை இருக்கிறது என்பதை அவர்களுக்குப் புரியவைக்கவே எனக்கு ஒரு நாள் போனது. பத்து நாள் வேலை. பட்டறை முழுவதும் மாவு மில் மாதிரி ஆகிவிட்டது. அண்ணாச்சியின் புருவம்கூட வெள்ளை. இடையிடையே இருமினார், தின்னர் வாடை என்றார். சாயங்காலத்தில் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். மெலிந்துகொண்டே வந்தார். நான் பக்கத்திலேயே இருந்தவள். எந்த நிறம் எந்த நிறத்திலிருந்து இம்மி விலகினாலும் கண்டுபிடிக்கிற என் கண்ணுக்கு அது படவில்லை.

ஏழாவது வண்டி முடிந்த மறுநாள் காலையில் பின்பக்கக் குழாயடியிலிருந்து, "இங்கன ஒரு நிமிசம் வா" என்று கூப்பிட்டார். நான் கலக்கிக்கொண்டிருந்த டப்பாவோடு போனேன். தண்ணீரைத் திறக்காமல் நின்றார். சிமெண்ட் தொட்டியைக் காட்டினார். தொட்டியில் சிவப்பு. அவர் முகத்தில் பயம்கூட இல்லை, ஒரு கணக்கு சரியாக வராதவர் போலத்தான் இருந்தார். "ஏம்மா, இந்தப் பத்து நாளும் நாம வெள்ளைதானே அடிச்சோம்?"

மணல்

அண்ணாச்சி பிழைத்தார். பெரியாஸ்பத்திரியில் காசநோய் என்று கண்டுபிடித்து, ஆறு மாதம் மாத்திரை. இப்போது திரும்பி வந்துவிட்டார். ஆனால் ஸ்பிரே கன்னைப் பிடிப்பதில்லை. பேனலைத் தேய்த்துக் கொடுப்பதும் மாட்டுவதும் மட்டும். அவர் வீட்டிலிருந்த அந்த ஆறு மாதத்தில், வேறொருவர் அடிக்க, நான் தனியாகத்தான் ஆட்களிடம் பேசவேண்டியிருந்தது. அப்போது நடந்தது இது.

கல்லிடைக்குறிச்சி ஆற்றங்கரைத் தெருப் பையன் ஒருவர், கல்லூரியில் பாடம் எடுக்கிறவர், பேனல்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இரண்டு மாதம் நிறம் சொல்லாமல் இழுத்தடித்தார். கறுப்பு வண்டி. பேனல் மணல் நிறமா, சாம்பல் நிறமா என்று அவருக்கு ஓயாத சந்தேகம். நான் மணல் என்றேன், புழுதி தெரியாது. ஜவுளிக்கடைப் பழக்கம், ஆள் தடுமாறினால் ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவது. கடைசியில் ஒரு வியாழக்கிழமை போன் செய்து, "சாம்பல்தான் அக்கா, முடிவு பண்ணியாச்சு" என்றார். குரல் கம்மியிருந்தது. லேசாகக் காய்ச்சல் என்றார். பிறகு போன் இல்லை. நானும் வேறு வேலையில் அதைத் தள்ளிவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அவருடைய அப்பாவும் தங்கையும் வந்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தலை மழித்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான்கே நாள் காய்ச்சல் என்றார் தங்கை. பையனின் சிநேகிதன் ஒருவன் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு, அவர்கள் சேர்ந்து போவதாக இருந்த பயணத்தைப் போகப்போகிறானாம். மகன் எப்படி நினைத்தானோ அப்படியே வண்டி போகவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. "கொழந்தை ஒங்ககிட்ட என்ன கலர் சொன்னாம்மா?" என்று கேட்டார்.

மகனுக்குக் கொள்ளி வைத்து, பத்தும் பதிமூன்றும் முடித்துவிட்டு வந்து நிற்கிற ஒரு தகப்பனிடம் எப்படிச் சாம்பல் என்று சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்வீர்களா, எனக்குத் தெரியாது.

"மணல்" என்றேன்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "இல்லியே" என்று போனை எடுத்தாள். "எனக்கு மெசேஜ் போட்டிருந்தானே. இதோ. 'அந்த அக்கா மணலுங்கறா, நான்...'" என்று வாசித்துக்கொண்டே வந்தவள் அடுத்த வார்த்தைக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். அவளுக்கும் அது வாயில் வரவில்லை. திரையை அணைத்தாள். நான் மாதிரிக் கொத்தை ஏன் கையில் வைத்திருக்கிறேன் என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றேன். பொய் பிடிபட்டதற்கு வெட்கப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவர் கணக்கு வாத்தியார். விட்டுப்போன எண் எதுவென்று அவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். என் கையிலிருந்த கொத்தை வாங்கி, மணல் நிறப் பட்டையைத் தனியாகப் பிரித்து, வெயில் இருந்த பக்கமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்: "கடைசியா ஒரு தரம் மனசை மாத்திண்டான்னே வச்சுப்போமே."

வண்டிக்கு நிறம் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்; மற்றதையெல்லாம் வருகிறவர்கள் இலவசமாகவே என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள்.